மறுநாள் காலை இருமல்: உணவுக்குழாய்ப் புற்றுநோயில் ரோபோ அறுவை சிகிச்சையை நான் பார்த்த விதம்

நெஞ்சக இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் பெரும்பாலான வேலை தொடங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளியை மறுநாள் காலையில் எழுப்பி உட்காரவைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி, பிறகு இருமச் சொல்வேன். நெஞ்சை அகலத் திறந்தார்களா, சிறு துளைகள் வழியாகச் செய்தார்களா, வலிக்கான மருந்து போதுமானதாக இருக்கிறதா, குரல்வளைக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம், குறிப்பேட்டைப் புரட்டுவதற்கு முன்பே அந்த ஓர் இருமலில் ஓரளவு தெரிந்துவிடும். திறந்த அறுவை சிகிச்சை, அதன் பிறகு நெஞ்சில் சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் தொராகோஸ்கோபி, இப்போது ரோபோ என்று மூன்று முறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களைக் கவனித்து வந்திருக்கிறேன். ரோபோவைப் பற்றிக் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் எல்லாம் அறுவை அரங்கைப் பற்றியே இருக்கின்றன. ஆனால் அந்தக் கருவி எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பது தெளிவாகத் தெரியும் இடம் வார்டுதான்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது கழுத்தில் தொடங்கி, நெஞ்சறை முழுவதையும் கடந்து, உதரவிதானத்தின் துளை வழியாக வயிற்றுக்குள் இறங்கி இரைப்பையில் சேர்கிறது. நெஞ்சுக்குள் அதற்கு முன்னால் மூச்சுக்குழாயும் இதயமும், பின்னால் முதுகெலும்பும், ஒட்டினாற்போல் பெருந்தமனியும், கொழுப்புச் சத்தை இரத்தத்துக்குக் கொண்டுசெல்லும் மார்பு நிணநீர்க் குழாயும் இருக்கின்றன. குடலுக்கு இருப்பதைப் போன்ற வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லாததால், புற்றுநோய் அதன் சுவரைத் தாண்டி அக்கம்பக்கத்தில் பரவுவது எளிதாகிவிடுகிறது. எனவே குழாயின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிட்டு, இரைப்பையை ஒரு குழாயாக வடிவமைத்து மேலே இழுத்து, நெஞ்சுக்குள்ளோ கழுத்திலோ மீதமுள்ள உணவுக்குழாயுடன் இணைக்கிறார்கள். வயிறு, நெஞ்சு என்று இரண்டு இடங்களில் செய்யும் முறையை 1946இல் ஐவர் லூயிஸ் விவரித்தார். கழுத்தையும் சேர்த்து மூன்று இடங்களில் செய்யும் முறையை 1976இல் மெக்கியோன் விவரித்தார். இன்று ரோபோவால் செய்யப்படுவதும் அடிப்படையில் இந்த இரண்டு அறுவைகள்தான். அறுவையின் வரைபடம் பழையது, அதை நிறைவேற்றும் கைகள் மட்டுமே புதியவை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே விளம்பரங்கள் ஏற்படுத்தும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

(1913இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்து உணவுக்குழாயை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றினார். மீண்டும் இணைக்கும் வழி அன்று இல்லாததால், கழுத்துத் துளையையும் வயிற்றுத் துளையையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் வழியாக இணைத்து, அதன் மூலமே உண்டு, அவர் பத்தாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். மனம் தளர்ந்திருக்கும் நோயாளிகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு.)

திறந்த அறுவை சிகிச்சை மட்டுமே இருந்த காலத்தில் என் வேலையின் பெரும்பகுதி பயத்துடன் போராடுவதாகவே இருந்தது. வலப்பக்க விலா எலும்புகளை விரித்துப் பிடித்து, வலது நுரையீரலைக் காற்றில்லாமல் சுருங்கவைத்து, மணிக்கணக்கில் அறுவை நடக்கும். மறுநாள் அந்த நுரையீரல் முழுமையாக விரியவேண்டும் என்றால் நோயாளி ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மூச்சும் விலா எலும்புகளுக்கிடையே கத்தி செருகுவதுபோல் வலிப்பதால், மேலோட்டமாகவே மூச்சுவிடப் பழகிவிடுவார்கள். மூச்சு குறையும்போது சளி தேங்குகிறது. தேங்கிய சளியைத் துப்ப இருமல் வேண்டும். இருமினால் வலிக்கும் என்பதால் அடக்கிக்கொள்வார்கள். முதுகில் வலி மறக்கச் செய்யும் எபிடியூரல் குழாய் இருந்தாலும், அது நன்றாக வேலை செய்யும் நாளும் உண்டு, செய்யாத நாளும் உண்டு. இரண்டாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் ஆக்சிஜன் அளவு இறக்கம், அதன்பின் நிமோனியா என்று நகரும் அந்த வரிசை எனக்கு மனப்பாடம். உணவுக்குழாய் அறுவைக்குப் பிறகு உயிருக்கு ஆபத்தாக முடியும் சிக்கல்களில், இணைப்பில் ஏற்படும் கசிவுக்கு இணையாக நுரையீரல் சிக்கலும் இருந்தது. இன்றும் அது முற்றிலும் போய்விடவில்லை.

தொராகோஸ்கோபி வந்தபோதுதான் முதல் பெரிய மாற்றத்தைக் கண்ணால் கண்டேன். இந்த முறை 1990களின் தொடக்கத்தில் தோன்றியது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சிறு துளைகள் வழியாக உணவுக்குழாயைப் பிரித்தெடுத்த 130 நோயாளிகளின் அனுபவத்தை கோயம்புத்தூரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பழனிவேலு குழுவினர் 2006இல் வெளியிட்டனர். குப்புறப் படுக்கும்போது இதயமும் நுரையீரலும் தம் எடையாலேயே முன்னே சரிந்து வழிவிடுவதால், நுரையீரலை அழுத்தி நசுக்க வேண்டிய தேவை குறைகிறது. 2012இல் 115 நோயாளிகளைக் கொண்டு வெளியான, இரு முறைகளையும் ஒப்பிட்ட டைம் (TIME) என்ற ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் நுரையீரல் தொற்று ஏற்பட்டவர்கள் திறந்த முறையில் 29 விழுக்காடு, துளைவழி முறையில் 9 விழுக்காடு. ஆய்வின் எண்களைப் பின்னால்தான் படித்தேன். அதற்கு முன்பே, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணீருடன் இருமும் நோயாளிகள் வார்டில் குறைந்துவிட்டிருந்தார்கள். ஆகவே நெஞ்சைத் திறக்காமல் செய்வதால் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு ரோபோவுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரோபோவின் நன்மைகளை அடுக்குபவர்கள் பலர் இதையும் அதன் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ரோபோ எதற்கு? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான், எங்கள் அறுவை மருத்துவரிடம் அனுமதி பெற்று அரங்கில் நின்று பார்த்தேன். தொராகோஸ்கோபிக் கருவிகள் நேராகவும் நீளமாகவும் இருப்பவை. உள்ளே போன முனை மணிக்கட்டைப்போல் மடங்காது, வெளியே கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே முனை வலப்பக்கம் போகும். ரோபோவின் கருவிகள் சுமார் 8 மி.மீ. பருமன் கொண்டவை, முனையில் மணிக்கட்டுப்போல் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடியவை. அறுவை மருத்துவர் சில அடி தள்ளி ஒரு கன்சோலில் அமர்ந்து, முப்பரிமாணத்தில் பெரிதாக்கப்பட்ட காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்க, அந்த அசைவு சிறிதாக்கப்பட்டு, கை நடுக்கம் வடிகட்டப்பட்டு, உள்ளே நிகழ்கிறது. கருவி தானாக எதையும் வெட்டுவதில்லை, முடிவெடுப்பதும் இல்லை. இதைச் சொன்ன பிறகும் "அப்படின்னா டாக்டர் பக்கத்துல இருக்கமாட்டாரா, மேடம்?" என்று கவலையோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரங்கிலேயே இருப்பார். அதோடு, மேசையருகே நோயாளியைத் தொட்டபடி பயிற்சி பெற்ற இன்னொரு அறுவை மருத்துவரும் நிற்பார். கருவிகளை மாற்றுவது, உறிஞ்சு குழாயைப் பிடிப்பது, திடீரென இரத்தம் கசிந்தால் முதலில் அழுத்திப் பிடிப்பது எல்லாம் அவர் வேலை. அவர் அனுபவம் வாய்ந்தவரா என்று கேட்பது கன்சோலில் இருப்பவரைப் பற்றிக் கேட்பதைப் போலவே முக்கியமானது, ஆனால் யாரும் கேட்பதில்லை.

அன்று திரையில் பார்த்தவற்றில் ஓர் இடம் அப்படியே நினைவில் இருக்கிறது. இடப்பக்கக் குரல்வளை மீள்நரம்பு, நெஞ்சுக்குள் இறங்கிப் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாயின் ஓரமாகவே மீண்டும் மேலேறிக் குரல்வளைக்குப் போகிறது. அந்த நரம்பை ஒட்டி வரிசையாக நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. உணவுக்குழாயின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வரும் செதிள் உயிரணுப் புற்றுநோய் (உட்பூச்சிலுள்ள தட்டையான உயிரணுக்களில் தோன்றும் வகை) முதலில் எட்டிப்பார்க்கும் இடங்களில் அவையும் அடக்கம். கணுக்களை விட்டுவிட்டால் நோய் மிஞ்சலாம், எடுக்கப்போய் நரம்பை இழுத்தாலோ சூடுபட வைத்தாலோ குரல் போகலாம். வெண்ணிற நூலைப்போல் இருந்த அந்த நரம்பை விலக்காமல், அதைச் சுற்றியிருந்த கொழுப்பையும் கணுக்களையும் மட்டும், மின்சூட்டைப் பயன்படுத்தாமல் அறுவை மருத்துவர் சிறு கத்தரிக்கோல் முனையால் உரித்தெடுத்துக்கொண்டே போனார். மூச்சுக்குழாய்க்கும் பெருந்தமனிக்கும் இடையிலான அந்த ஒடுங்கிய சந்துக்குள், மடங்காத நேர்க்கருவியுடன் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது வெறும் குரல் பிரச்சினை இல்லை. இருமல் என்பது குரல் நாண்கள் இரண்டும் இறுக மூடி, அதன் கீழே காற்றை அடைத்துவைத்து, ஒரே நொடியில் திறந்துவிடுவதால் உண்டாகும் விசை. ஒரு நாண் அசையாமல் போனால் கதவு முழுதாக மூடாது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் "ஹஹ்" என்று காற்று ஒழுகும் ஓசைதான் வரும், சளி மேலே வராது. விழுங்கும்போது நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. இரைப்பைக் குழாயும் புதிது, இருமலும் பலவீனம், விழுங்குவதும் கோளாறு என்று மூன்றும் ஒருசேர வந்தால் நிமோனியா வராமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு. ஆகவே ரோபோவின் பயன் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், தோலில் தெரியும் தழும்பின் அளவைச் சொல்லமாட்டேன், அந்தச் சந்துக்குள் நடப்பதைத்தான் சொல்வேன்.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 112 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான ரோபோட் ஆய்வில், அறுவை தொடர்பான சிக்கல்கள் திறந்த முறையில் 80 விழுக்காட்டினருக்கும் ரோபோ முறையில் 59 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. நுரையீரல் சிக்கல்கள் 58 விழுக்காட்டிலிருந்து 32 ஆகவும், இதயச் சிக்கல்கள் 47இலிருந்து 22 ஆகவும் குறைந்திருந்தன. இந்த எண்களை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: ஒப்பீடு திறந்த அறுவையோடுதான் செய்யப்பட்டது, தொராகோஸ்கோபியோடு அல்ல. இரண்டு துளைவழி முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, செதிள் உயிரணுப் புற்றுநோய் கொண்டவர்களிடம் சீனாவில் நடந்து 2022இல் வெளியான ரமி ஆய்வில், ரோபோ முறையில் அறுவை நேரம் குறைந்தது, சுமார் 245 நிமிடங்களிலிருந்து 204 நிமிடங்களாக. அறுவைக்கு முன்பே புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களிடம், குறிப்பாக இடப்பக்கக் குரல்வளை நரம்பையொட்டிய கணுக்களை எடுப்பதில் ரோபோ மேம்பட்டிருந்தது. மொத்தச் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உட்ரெக்ட் நோயாளிகளின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரு பிரிவிலும் 40 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ரோபோவால் செய்துகொண்டால் புற்றுநோய் குணமாகும் வாய்ப்பு கூடும் என்று யாராவது உறுதி கொடுத்தால், ஆதாரம் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதே என் பதில். ஆயுளைக் கூட்டியவை வேறு சிகிச்சைகள்.

அவற்றில் முதன்மையானது, அறுவைக்கு முன்பே கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பது. 366 பேரைக் கொண்ட கிராஸ் ஆய்வு 2012இல் வெளியானபோது, நேரடியாக அறுவைக்குப் போனவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 24 மாதங்கள், முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 49 மாதங்கள் என்று காட்டியது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் வரும் சுரப்பித்திசுப் புற்றுநோய்க்கு, அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகள் கொண்ட கீமோ தருவது அதைவிடச் சிறந்தது என்று அண்மையில் எசோபெக் ஆய்வு தெரிவித்தது: இடைநிலை உயிர்வாழ்வு அந்தக் கீமோவில் 66 மாதங்கள், கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த முன்சிகிச்சையில் 37 மாதங்கள். கதிர்வீச்சு பட்ட திசு ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டித்துவிடும். எது குழாய், எது சுற்றுத்திசு என்ற எல்லைக்கோடு மங்கிவிடும். எனவே இன்று ரோபோவின் முன் வரும் நெஞ்சறை இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடக் கடினமானது.

இன்னொரு திசையிலும் மாற்றம் வருகிறது. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு நோயின் அறிகுறியே தென்படாதவர்களை உடனே அறுவைக்கு அனுப்பாமல், அடிக்கடி எண்டோஸ்கோபியும் பெட் ஸ்கேனும் செய்து கண்காணிக்கலாமா என்று நெதர்லாந்தில் நடந்த சானோ ஆய்வு கேட்டது. இரண்டு ஆண்டு முடிவில் கண்காணிப்புப் பிரிவில் 74 விழுக்காட்டினரும் அறுவைப் பிரிவில் 71 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். கண்காணிக்கப்பட்டவர்களில் கணிசமானோருக்கு நோய் மீண்டும் தலைகாட்டி அறுவை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறுபுறம், சளிப்படலத்தோடு நின்றுவிட்ட மிக ஆரம்பநிலைப் புற்றுநோயை எண்டோஸ்கோபி வழியாகவே சீவி எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ரோபோவும் வேண்டாம், இரைப்பைக் குழாயும் வேண்டாம். தொடக்கத்தில் ரோபோவைத் தழும்பைச் சிறிதாக்கும் கருவியாக மட்டும் பார்த்தோம். இப்போது எளிய நோய் எண்டோஸ்கோபிக்கும், முற்றிலும் கரைந்த நோய் கண்காணிப்புக்கும் போய்க்கொண்டிருக்க, நடுவில் எஞ்சும் கடினமான அறுவைகளுக்கான கருவியாக அது மாறிவருவதாக எனக்குத் தோன்றுகிறது.

இனி, நோயாளிகளோடு பழகியதில் தெரிந்துகொண்ட நடைமுறைச் செய்திகள்.

கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து அறுவைக்கு முன் பொதுவாகச் சில வாரங்கள் இடைவெளி விடுவார்கள். பலர் அதை ஓய்வுக்காலம் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், நான் கொடுத்த ஸ்பைரோமீட்டரை (மூச்சை இழுத்தால் உள்ளே பந்துகள் மேலேறும் பயிற்சிக் கருவி) மேசைமேல் வைத்துவிட்டு, "ஏம்மா, ரோபோதானே செய்யப்போகுது, எனக்கு எதுக்கு இந்தப் பயிற்சியெல்லாம்?" என்று கேட்டார். ரோபோ உங்களுக்காக இருமாது, ஐயா என்றேன். சிரித்தார். அடுத்த முறை வந்தபோது, ஒவ்வொரு வேளையும் எத்தனை பந்துகள் ஏறின, எத்தனை நொடி நின்றன என்று கட்டம் போட்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அறுவைக்கு மறுநாள் அவரை எழுப்பி உட்காரவைத்தபோது என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. உடல் ஏற்கெனவே கற்றிருந்தது. வலியும் மயக்கமும் கலந்த நிலையில் புதிதாக ஒரு பயிற்சியைக் கற்றுக்கொள்வது யாராலும் முடியாத காரியம். எனவே மூச்சுப் பயிற்சி, வேகநடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி ஆகியவற்றை முன்சிகிச்சை நடக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. புகையிலையை எந்த வடிவிலும் அன்றே நிறுத்திவிட வேண்டும். பற்களையும் வாயையும் தூய்மையாக வைத்துக்கொள்வது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் வாயிலுள்ள கிருமிகள்தான் உமிழ்நீரோடு நுரையீரலுக்கு இறங்குகின்றன. விழுங்க முடியாமல் எடை இறங்கிக்கொண்டிருந்தால், அறுவைக்கு முன்பே குழாய் வழியாக ஊட்டம் கொடுக்கலாமா என்று தயங்காமல் கேட்க வேண்டும். மெலிந்த உடலில் தசை இருக்காது, தசை இல்லாமல் இருமல் இல்லை.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது "உங்களிடம் ரோபோ இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. என்னைக் கேட்டால் அது நான்காவது, ஐந்தாவது இடத்துக்குப் போகவேண்டிய கேள்வி. இந்தக் குழு ஆண்டுக்கு எத்தனை உணவுக்குழாய் அறுவைகள் செய்கிறது, அவற்றில் எத்தனை ரோபோவால், இணைப்புக் கசிவு எத்தனை பேருக்கு வந்தது, வந்தபோது எப்படிச் சமாளித்தார்கள், இரவில் சிக்கல் வந்தால் யார் வந்து பார்ப்பார்கள், எண்டோஸ்கோபி மருத்துவரும் ஸ்கேன் வசதியும் எந்நேரமும் உண்டா என்று கேளுங்கள். இந்த அறுவையை அதிகம் செய்யும் இடங்களில் இறப்பு குறைவு என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நிறுவப்பட்ட உண்மை. ரோபோவைப் பழகுவதற்கும் ஒரு கற்றல் காலம் இருக்கிறது. அது சில அறுவைகளில் முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் நிறைய தொராகோஸ்கோபி அறுவைகள் செய்யும் குழுவா, எப்போதாவது ஒருமுறை ரோபோ அறுவை செய்யும் குழுவா என்று தேர்வு வந்தால், நான் தயங்காமல் முதலாவதையே சொல்வேன். ரோபோவுக்கான நாள் கிடைக்கவில்லை என்று பல வாரங்கள் காத்திருப்பதும் அறிவுடைமை ஆகாது.

அறுவையின் நடுவே திறந்த முறைக்கு மாறவேண்டி வரலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பார்கள். அப்படி மாறினால் அதைத் தோல்வி என்று குடும்பத்தினர் எண்ணிக்கொள்கிறார்கள். முன்பு நெஞ்சில் தொற்றோ அறுவையோ நடந்து நுரையீரல் ஒட்டிக்கொண்டவர்களிடமும், கட்டி மூச்சுக்குழாயை நெருங்கி நிற்கும்போதும், இரத்தக்கசிவு ஏற்படும்போதும் திறந்துவிடுவதே பாதுகாப்பு. பரவலாகப் பயன்பாட்டில் இருக்கும் ரோபோ கருவிகளில் திசுவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது, கண்ணால்தான் ஊகிக்க வேண்டும். அவற்றில் விசையை உணர்த்தும் புதிய தலைமுறைக் கருவிக்கு அமெரிக்காவில் 2024இல்தான் அனுமதி கிடைத்தது. அந்தக் குறையையும் அறிந்து, திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கும் மருத்துவர்தான் நல்ல மருத்துவர்.

அறுவைக்குப் பின் குடும்பத்தினர் ஏமாறுவது ஓரிடத்தில். வெளியே விரல்நுனி அளவில் சில கட்டுகள் மட்டுமே இருப்பதால் அறுவையும் சிறியதாகவே இருந்திருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். உள்ளே எடுக்கப்பட்டதும் மாற்றிப் பொருத்தப்பட்டதும் திறந்த அறுவையில் உள்ளதே. சில புதிய தொல்லைகளும் உண்டு. நெஞ்சுக்குள் செலுத்திய வாயு தோலுக்கடியில் பரவி, கழுத்தைத் தொட்டால் விரலுக்கடியில் நொறுநொறுவென்று உணரலாம். பெரும்பாலும் சில நாட்களில் தானாக உடல் உறிஞ்சிக்கொள்ளும், ஆனாலும் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். கைகளை உயர்த்தி நெடுநேரம் படுக்கவைத்ததால் தோள் வலியும் வரும். அது இதயக் கோளாறோ என்று பயந்தவர்கள் பலர்.

முதல் நாளே உட்காருவதும், இயன்றால் சில அடிகள் நடப்பதும் வேண்டும். நெஞ்சிலிருந்து நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயையும் சொட்டு மருந்துக் கம்பத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க ஆட்கள் வேண்டியிருப்பதால் குடும்பத்தினர் தயங்குவார்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். இருமும்போது சிறு தலையணையைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல் இரண்டு மூன்று முறை காற்றை வேகமாக வெளியே தள்ளிவிட்டு, அதன் பிறகு இருமினால் குறைந்த வலியில் சளி மேலே வரும். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் அன்று. வலிக்கிறது என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு இருமுவதே இங்கே தேவை. மூக்கு வழியாகச் செல்லும் குழாய் எவ்வளவு உறுத்தினாலும் அதை இழுத்துவிடக் கூடாது, வெளியே வந்துவிட்டால் யாரும் தாமாக மீண்டும் செருகவும் கூடாது. அது புதிய இணைப்பைக் கடந்து நிற்கிறது.

குரல் கரகரத்தாலோ இருமலில் காற்று ஒழுகினாலோ, விழுங்கும் பரிசோதனை செய்யும்வரை ஒரு மடக்கு நீர்கூடக் கொடுக்காதீர்கள். நரம்பு அறுபடாமல் வெறுமனே இழுபட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ குரல் பெரும்பாலும் திரும்பும். அதுவரை மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது போன்ற உத்திகளைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் கற்றுத்தருவார். அசையாத நாணில் ஊசி மூலம் பொருளைச் செலுத்தி அதை நடுவுக்குக் கொண்டுவரும் எளிய சிகிச்சையும் உண்டு.

இணைப்புக் கசிவு எப்போதும் காய்ச்சலோடு அறிமுகமாவதில்லை. நாடித்துடிப்பு காரணமின்றி வேகமெடுப்பது, ஒழுங்கற்றுத் துடிப்பது, மூச்சுவாங்குவது, "என்னவோ சரியில்லை" என்று நோயாளி சொல்வது ஆகியவை முதல் வாரத்தில் அலட்சியப்படுத்தக் கூடாதவை. இரைப்பைக் குழாயின் இரத்த ஓட்டத்தை அரங்கிலேயே பார்ப்பதற்கு ஒளிரும் பச்சைச் சாயத்தை இரத்த நாளம் வழியாகச் செலுத்தி ரோபோவின் கேமராவில் பார்க்கும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. இருந்தும் கசிவு அடியோடு ஒழிந்துவிடவில்லை. டிரெயினில் வரும் நீர் திடீரெனப் பால்போல் வெளுத்தால் மார்பு நிணநீர்க் குழாயிலிருந்து கசிகிறது என்று பொருள். அதையும் முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் குடும்பத்தினர்தான்.

முன்சிகிச்சைக்கும் அறுவைக்கும் பிறகும் எடுத்த திசுவில் புற்றுநோய் எஞ்சியிருந்தால், ஓராண்டு நோயெதிர்ப்புச் சிகிச்சை தரும் வழக்கம் 2021இல் வெளியான செக்மேட் 577 ஆய்வுக்குப் பின் வந்தது. நோய் திரும்பாமல் இருந்த காலம் அதில் 11 மாதங்களிலிருந்து 22 மாதங்களாக நீண்டது. ஆனால் அந்த ஆய்வில் அறுவைக்குப் பின் 16 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கப்பட்டது. நிமோனியாவிலும் எடை இழப்பிலும் மாதங்களைத் தொலைத்தவருக்கு அந்தக் கதவு மூடிக்கொள்ளலாம். ரோபோவால் உயிர்வாழ்வு கூடுமா என்ற கேள்விக்கு எதிர்காலத்தில் ஏதேனும் சாதகமான பதில் வந்தால், விரைவாகத் தேறி அடுத்த சிகிச்சைக்குத் தயாராகும் இந்த வழியில்தான் வரும் என்பது என் ஊகம்.

வீட்டுக்குப் போன பிறகு எந்த முறையில் அறுவை நடந்தது என்பது பெரிதாகப் பொருட்டில்லை. இரைப்பை சேமிப்பறையாக இருந்ததுபோய் வெறும் குழாயாகிவிட்டதால் எல்லாருக்கும் ஒரே விதிகள்தான். சிறிது சிறிதாக ஆறு வேளை உண்பது, உண்ட பின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை அளவுக்கு உயர்த்தியே தூங்குவது. மேலேறும் அமிலத்தைத் தடுக்கும் வால்வு இனி இல்லை என்பதால் இந்தக் கடைசி விதி ஆயுள் முழுவதற்கும். இனிப்பாகவோ நீர்த்தோ அதிகம் உண்டவுடன் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது டம்பிங். அளவைக் குறைத்து, நீரை உணவோடு அருந்தாமல் தள்ளி அருந்தினால் கட்டுப்படும். வைட்டமின் பி12, இரும்புச் சத்து அளவுகளை ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து விழுங்குவது மீண்டும் சிரமமானால், நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சத்தில் அதை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் நீராகாரத்துக்கு மாறிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். இணைத்த இடம் ஆறும்போது சுருங்கியிருப்பதே அந்தக் காலத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம். எண்டோஸ்கோபி வழியாக பலூனை வைத்து அதை விரித்துவிடுவார்கள். சிலருக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும், அன்றே வீடு திரும்பிவிடலாம்.